பிலவேந்திரன் ஊற்றிய கிளாஸ்

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் பிலவேந்திரன். அதற்குப் பிறகுதான் என் பெண்சாதி. அதற்கும் பிறகுதான் பூசாரி. இந்த வரிசை முக்கியம் தம்பி. சொல்கிறவர்கள் வரிசையை மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். அதனால்தான் கேட்கிறவர்களுக்கு என்மேல் ஏதோ தப்பு இருக்கிற மாதிரித் தோன்றுகிறது.

பஸ்ஸில் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிற ஆள் இல்லை நான். உங்கள் பையில் அந்த டப்பாவைப் பார்த்தேன். வெளுத்த மஞ்சள் நிறம், மேலே பெரிதாக ஒரு சைபர். எங்கள் கம்பெனிச் சரக்கு. என்ன இது என்று கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, “பயப்படாதீங்க ஐயா, இதுல ஒண்ணும் இல்ல” என்றீர்கள். பிலவேந்திரன் சொன்னதும் அதேதான். அதே சிரிப்பு. அதனால்தான் பேச்சுக் கொடுத்தேன். ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளுங்கள், காற்றில் பேச்சு போய்விடுகிறது.

என் பெயர் கலியபெருமாள். முசியே கம்பெனியில் டேங்க் கழுவிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் கட்டிய பீர் கம்பெனி அது. பிறகு எத்தனையோ கை மாறிவிட்டது, பெயரும் மாறிவிட்டது. எங்கள் ஊரில் இன்றைக்கும் முசியே கம்பெனிதான். மத்தியானம் பன்னிரண்டுக்குச் சங்கு ஊதுவார்கள். நாலு ஊருக்குக் கேட்கும்.

பிலவேந்திரனும் நானும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு பேரும் மூட்டைதான் தூக்கினோம். அவன் பத்தாவது படித்தவன், கணக்கு வரும். கம்பெனி அவனைப் பெங்களூருக்கு அனுப்பிக் காய்ச்சுகிற வேலை கற்றுக்கொள்ள வைத்தது. திரும்பி வந்து மேஸ்திரி ஆகிவிட்டான். நான் டேங்குக்குள்ளேயே இருந்தேன். அதனால் எனக்குப் பொறாமை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு என்ன பொறாமை? மேஸ்திரி ஆன பிறகும் அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் டிபன் பாக்ஸில் இருக்கிற மீன் என் சோற்றுக்குத்தான் வரும்.

சனிக்கிழமை சனிக்கிழமை ஆளுக்கு இரண்டு பாட்டில் கம்பெனி தரும். பங்கு என்று பெயர். அதை வாங்கிக்கொண்டு மாதா கோயில் மதில் ஓரம் உட்காருவோம், நானும் அவனும். அந்த இரண்டோடு நிறுத்தியது கிடையாது. அப்போது வயசு, உடம்பு தாங்கியது. அவன் குடித்தால் பாடுவான். நான் குடித்தால் வீட்டுக்குப் போய்விடுவேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு தடவை என் பெண்சாதி அஞ்சலாட்சிக்குக் கை ஒடிந்தது. நான் ஒடிக்கவில்லை. தள்ளினேன், அவள் விழுந்தாள், அம்மிக் குழவி அங்கே கிடந்தது. குழவியை அங்கே போட்டது யார்? அவள்தானே. ஆனால் ஊரில் என்ன பேச்சு? கலியபெருமாள் பெண்டாட்டி கையை ஒடித்துவிட்டான். அவள் அண்ணன்மார் வந்தார்கள். ஏரிக்கரை முனீஸ்வரன் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எங்கள் பக்கம் குடியை நிறுத்துவதற்குக் கயிறு கட்டுவார்கள். டாக்டர் ஊசி மருந்து ஒன்றும் வேண்டாம். பூசாரி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார். ஆனால் சும்மா கட்ட மாட்டார். ஒரு தலையைக் கேட்பார். “யார் தலைமேல கை வைக்கிற?” என்பார். அந்தத் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். போதை உள்ளே போனால் அந்தத் தலைக்கு ஆகாது. அதுதான் கட்டு.

நான் என் தலையில்தான் வைத்துக்கொள்ளப் போனேன். பூசாரி கையைத் தட்டிவிட்டார். “குடிகாரன் தலை சாமிக்கு எதுக்குப்பா? வேற காட்டு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சரி, அஞ்சலாட்சி தலையில் வைக்கிறேன் என்றேன். அவள் கட்டுப் போட்ட கையோடு நின்றுகொண்டிருக்கிறாள். என்ன சொன்னாள் தெரியுமா, அத்தனை பேர் முன்னால்?

“என் தலைய வச்சா நாளைக்கே குடிச்சிடுவாரு சாமி.”

சொல்லிவிட்டுப் பிள்ளையை முன்னால் தள்ளினாள். பூவரசன். என் இடுப்பு உயரம் இருப்பான் அப்போது. மொட்டை போட்டு முடி முளைத்துக்கொண்டிருந்த தலை, உள்ளங்கையில் குத்தியது. அவன் அண்ணாந்து என்னைப் பார்த்தான். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். நான் சத்தியம் செய்தேன். நன்றாகக் கவனியுங்கள், பிள்ளை தலையை வைத்தது அவள். நான் இல்லை.

அன்றிலிருந்து நான் தொடவில்லை. அதையும் கவனியுங்கள். எத்தனை கலியாணம், எத்தனை சாவு, எத்தனை சனிக்கிழமை. பீர் டேங்குக்குள் இறங்கிக் கழுவுகிறவன் தொடாமல் இருந்தேன். உடம்பெல்லாம் அந்த வாசனையோடு வீட்டுக்குப் போவேன். பூவரசன் வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்ப்பான். பக்கத்தில் வந்து என் வாய்கிட்ட மூச்சை இழுப்பான். சட்டையில் இருக்கிற வாசனை வேறு, வாய் வாசனை வேறு, அந்தப் பையனுக்கு அது தெரியும். ஒன்றும் இல்லை என்றால் விளையாடப் போய்விடுவான். சின்னப் பிள்ளையில் செய்தான், சரி. மீசை முளைத்தான், ஐ.டி.ஐ. முடித்தான், டைல்ஸ் கம்பெனியில் வேலைக்குப் போனான், அப்போதும் செய்தான். டீ கொடுக்கிற மாதிரி வந்து மூச்சை இழுப்பான். எனக்குப் பிடிக்காது. பெற்ற தகப்பனை மோந்து பார்ப்பது என்ன பழக்கம்? வளர்த்தது அப்படி, அவளைத்தான் சொல்ல வேண்டும்.

பிலவேந்திரனுக்குத்தான் நான் நிறுத்தியது தாங்கவில்லை. என் பங்கு இரண்டு பாட்டிலையும் அவனிடமே கொடுத்துவிடுவேன். மதில் ஓரம் தனியாக உட்கார்ந்து குடிப்பான். “நீ இல்லாம குடிக்கிறது, சாமியார் வராத பூசை மாதிரி இருக்குடா கலியா” என்பான். பாட்டும் நின்றுபோயிற்று. நான் என்ன செய்ய? என் பிள்ளை தலை.

அப்புறம்தான் இந்த ஜீரோ வந்தது. மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள், போதை இல்லாத பீர் ஒன்று போட வேண்டும், வெளிநாட்டிலெல்லாம் ஓடுகிறது, வெளிர் நிறத்தில் வேண்டும் என்று. மேஸ்திரிமார் வேறு யாராவது இருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். பிலவேந்திரனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. டேங்க் வாயில் தலையை விட்டு உள்ளே இருக்கிற என்னிடம் கத்துகிறான்:

“டேய் கலியா! இது உனக்காகத்தான்டா. முதலாளிக்கு நான் வேற காரணம் சொல்லிக்கிறேன். உனக்காகத்தான் காய்ச்சப் போறேன்.”

யார் கேட்டது? நான் கேட்டேனா?

அதை எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். முதலில் சாதாரண பீர் மாதிரியேதான் காய்ச்சுவார்கள். தானியம் அதே, புளிக்க விடுவது அதே, போதையும் அதேதான். எல்லாம் முடிந்த பிறகு ஒரு மெஷினுக்குள் விடுவார்கள். அது காற்றை உறிஞ்சிவிட்டு லேசாகச் சூடு காட்டும். போதை மட்டும் கழன்று ஒரு பக்கம் போய்விடும். மிச்சம் இன்னொரு பக்கம் வரும். மெஷினுக்குள் போவதற்கு முன்னால் இந்தப் பக்கம் ஒரு குழாய், போதை கழன்று வெளியே வருகிற அந்தப் பக்கம் ஒரு குழாய். ருசி பார்ப்பதற்காக வைத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். இரண்டிலும் வருவது ஒரே நிறம், ஒரே நுரை. கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சரக்கு வந்தால் முதல் கிளாஸ் மூத்த கைக்கு. யார் அதிக காலம் வேலை செய்தவனோ அவன் குடித்த பிறகுதான் மற்றவர்கள் வாய் வைக்கலாம். முசியே காலத்து வழக்கம் என்பார்கள். மேஸ்திரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் பழைய ஆட்கள் எல்லாரும் ஓய்வு வாங்கிப் போன பிறகு மூத்த கை நான்தான். கயிறு கட்டினவன் எப்படிக் குடிப்பது? விரலை நுரையில் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு அடுத்தவனிடம் கொடுத்துவிடுவேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஜீரோ வந்த அன்றைக்கும் அப்படித்தான் விரலை நீட்டினேன். கீழே குளிர் அறை. அங்கே ஸ்வெட்டர் போடாமல் யாரும் நிற்க முடியாது. ஷிப்டு ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்கிறார்கள். பிலவேந்திரன் குனிந்து குழாயைத் திறந்தான். அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. எந்தக் குழாய் என்று தெரியவில்லை. கிளாஸை என் கையில் வைத்தான். விரலால் நுரையைத் தொடப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னிக்கு விரல் இல்ல. இன்னிக்கு வாய். இதுல ஒண்ணும் இல்லடா. பச்சப்புள்ளைக்கும் குடுக்கலாம்.”

“வேணாம்டா பிலவேந்திரா.”

“மாமா, குடிச்சித் தொலைங்க மாமா, எங்களுக்குத் தாகம் எடுக்குது” என்று பின்னாலிருந்து ஒரு பயல். எல்லாரும் சிரிப்பு. “மாமா இன்னிக்கு வயசுக்கு வர்றாரு!” என்று இன்னொருவன்.

பிலவேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர் அவனுக்கு. அந்தக் கண்ணை நம்பிக் குடித்தேன்.

முதல் வாயிலேயே காது மடல் சூடாகிவிட்டது. நான் குடிக்கிற காலத்தில் எனக்கு அங்கேதான் முதலில் ஏறும். ஆனால் அத்தனை பேர் சுற்றி நின்றால் சூடு ஏறாதா? கூட்டத்துச் சூடுதான் அது. கிளாஸைக் காலி செய்தேன். ஏதோ சந்தேகமாக இருந்தது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் இரண்டாவது கிளாஸ் கேட்டேன். வேறு எதற்கும் இல்லை. பிலவேந்திரன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து ஊற்றினான். அதையும் குடித்தேன். சந்தேகம் தீரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். பூவரசன் வந்தான். பெண் பார்த்து வைத்திருந்தோம் அவனுக்கு, தை மாசம் கலியாணம். டீ கொடுத்தான். மூச்சை இழுத்தான். ஒரு அடி பின்னால் போய் நின்றான். சின்னப் பிள்ளை மாதிரி ஒரு கையைத் தூக்கித் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளே போய்விட்டான்.

மறுநாள் மெஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டர் ஒருவன் சொல்கிறான், நேற்று அந்த மெஷின் நடுவில் நின்றுபோய்விட்டதாம், பெல்ட் அறுந்து. எப்போது நின்றது, நாங்கள் குடித்ததற்கு முன்னாலா பின்னாலா? அவனுக்குத் தெரியவில்லை. நான் பிலவேந்திரனைத் தேடிப் போனேன். ஆள் இல்லை. ஜீரோவை எடுத்துக்கொண்டு பெங்களூரில் யாருக்கோ ருசி காட்டப் போய்விட்டான்.

அந்த வாரமே பூவரசனுக்குக் காய்ச்சல். எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டில் அந்தக் கொசுக் காய்ச்சல் இருந்தது. பஞ்சாயத்திலிருந்து ஒரு பெண் வந்து, கொல்லையில் இருக்கிற டிரம்மையெல்லாம் கவிழ்த்துவிடுங்கள் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கம்பெனியிலிருந்து நான் வாங்கிவந்த நல்ல டிரம். தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். கவிழ்த்தால் தண்ணீருக்கு எங்கே போவது? மற்ற வீட்டில் எல்லாம் காய்ச்சல் வந்து போய்விட்டது. இவனுக்குத்தான் ரத்தத்தில் இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அஞ்சலாட்சி என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கத்தவில்லை. “எழுந்திரிங்க, கோயிலுக்குப் போலாம்” என்றாள். போனோம். பூசாரி அதே பூசாரி, கிழடாகிவிட்டார். அவர் சொன்னார்:

“கட்டு அறுந்திருந்தா அதுக்கு ஒரு வழி இருக்கு. ஊர் கூடுற எடத்துல நின்னு, நான் குடிச்சேன்னு மூணு தரம் வாய்விட்டுச் சொல்லணும். கயித்த அறுத்து இங்க போடணும். தலைய விட்டுடும். அறுபடாத கட்டுக்கு இதச் செய்யக் கூடாது, அது சாமிய ஏமாத்துறது. சொல்லு கலியபெருமாளு. குடிச்சியா?”

இதில் என்ன பதில் சொல்வேன் தம்பி? ஊற்றியவனுக்கல்லவா தெரியும், குடித்தவனுக்கு என்ன தெரியும்? “பிலவேந்திரனைக் கேக்கணும்” என்றேன்.

பூசாரி வாயை மூடிக்கொண்டார். வற்புறுத்தியிருக்கலாம் இல்லையா? பெரிய மனுஷர், ஒரு அதட்டுப் போட்டிருக்கலாம். போடவில்லை. அது அவர் கணக்கில் இருக்கிறது.

அஞ்சலாட்சி என் காலைப் பிடித்துக்கொண்டாள். “குடிச்சேன்னு சொல்லிடுங்க. குடிக்கலன்னாலும் சொல்லிடுங்க. புள்ளைக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதா?” என்கிறாள். கோயிலில் நின்றுகொண்டு பொய் சொல்லச் சொல்கிறாள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அதுவும் ஊர் முன்னால். அத்தனை வருஷம் தொடாமல் இருந்து வாங்கின பெயர். குடிக்காத மனுஷன் குடித்தேன் என்று எப்படிச் சொல்வான்?

பிலவேந்திரனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. போட்டேன், எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். “எந்தக் குழாய்டா?” என்றேன். “என்ன குழாய்?” என்று என்னையே திருப்பிக் கேட்டான். பிறகு, “ஒண்ணும் இல்லடா அதுல. நீ புள்ளயப் பாரு. நான் கிளம்பி வரேன்” என்றான்.

அவ்வளவுதான். அதைத்தான் பூசாரியிடம் சொன்னேன். குடிக்கவில்லை. சாட்சி இருக்கிறது. அவர் திருநீறு கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானம் பூவரசன் கண்ணைத் திறந்தான். புறங்கையில் ஊசி சொருகி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அஞ்சலாட்சி கஞ்சி வாங்கப் போயிருந்தாள். என்னைப் பக்கத்தில் வரச் சொன்னான். குனிந்தேன். மூச்சை இழுக்கப் பார்த்தான், முடியவில்லை. வாயாலேயே கேட்டான்.

“அப்பா, குடிச்சியா?”

கோபமாகக் கேட்கவில்லை தம்பி. மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டான். தெரிந்துகொள்ள வேண்டும் அவனுக்கு, அவ்வளவுதான்.

“கேட்டுச் சொல்றேம்பா” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். மறுநாள் காலையில் போய்விட்டான்.

இருங்கள், கண்டக்டர் வருகிறார். எனக்குக் கண்டமங்கலம். பிலவேந்திரன் அங்கேதான் இருக்கிறான், வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு. பிள்ளை செத்த மாசமே வேலையை விட்டுவிட்டான். ஓய்வுக்கு இன்னும் காலம் இருந்தது. குற்றம் உள்ளவன்தானே ஓடுவான்?

எங்கே விட்டேன்? ம். கருமாதி முடிந்ததும் அஞ்சலாட்சி திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற எங்கள் மகளோடு போய்விட்டாள். பேரப்பிள்ளைமேல் பாசம் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் வேறு ஒரு சின்ன விஷயம்தான். நான் சோதனை செய்துகொண்டிருந்தேன், அவளுக்கு அது புரியவில்லை. ஜீரோ கடைக்கு வந்துவிட்டது. ஒரு டப்பா வாங்குவேன். கூடவே கம்பெனியின் சாதாரண பீர் ஒரு பாட்டில். இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய். அன்று குடித்தது எது மாதிரி இருந்தது என்று நாக்கு சொல்ல வேண்டுமல்லவா? ஒரே தடவையில் தெரிந்துவிடாது. தினமும் செய்து பார்க்க வேண்டும். “புள்ள பொணம் எரிஞ்ச சூடு ஆறல, குடிக்கிறீங்களே” என்றாள். குடிக்கவில்லை, சோதனை என்றேன். படித்தவர்களுக்குப் புரியும். இப்போது குடித்தால்தான் என்ன? கட்டு யார் தலைமேல் இருக்கிறது?

அவள் போன பிறகுதான் அவன் வர ஆரம்பித்தான்.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போது. நல்ல வெயிலில். ராத்திரியில் வந்தால் கனவு என்று சொல்லலாம். வேலைக்குத்தான் போவதில்லையே, நான் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு கிளாஸும் முன்னால் இருக்கிறது, சங்கு ஊதுகிறது, நிமிர்ந்து பார்த்தால் வேலிப் படலுக்கு வெளியே நிற்கிறான். ஆஸ்பத்திரிச் சட்டை. புறங்கையில் அந்தப் பிளாஸ்திரி. தெரு நாய் ஒன்று அந்த இடத்தில்தான் படுத்திருக்கும். அது எழுந்து, அவனுக்கு இடம் விட்டு, கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. நாய் பொய் சொல்லுமா?

அவன் ஒன்றும் பேசவில்லை. கேட்க வேண்டியதை ஆஸ்பத்திரியிலேயே கேட்டுவிட்டானே. பதிலுக்கு நிற்கிறான். கடையில் சில்லறைக்கு நிற்கிறவன் எப்படி நிற்பான், அந்த மாதிரி.

முதலில் படலுக்கு வெளியேதான் நின்றான். பிறகு ஒரு நாள் படலுக்கு உள்ளே. பிறகு டிரம் பக்கத்தில். ஒவ்வொரு தடவையும் ஒரு அடி, அரை அடி. நான் கிளாஸை மறைத்துப் பார்த்தேன், நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் நிற்பது முன்னால் நிற்பதைவிட மோசம் தம்பி. மூச்சை இழுக்கிற சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம்தான். சின்னப் பிள்ளையில் செய்வானே.

பிலவேந்திரனிடம் போனேன். “வந்து சொல்லுடா, உனக்குத்தானே தெரியும். பன்னெண்டு மணிக்கு வா. என் புள்ளகிட்ட நீ சொல்லு” என்றேன். அவன் வந்தான், இல்லை என்று சொல்லக் கூடாது. ஒரு நாள் வந்து முற்றத்தில் என்னோடு உட்கார்ந்தான். சங்கு ஊதியது. பூவரசன் வந்தான். பிலவேந்திரன் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் பார்க்கிற பக்கம் பார்த்தான், சிலுவை போட்டுக்கொண்டான், காற்றிடம் சொன்னான்: “பூவரசா, உங்கப்பனுக்கு நான் ஊத்துனது மெஷினுக்கு அந்தப் பக்கத்துக் குழாய்லேர்ந்துதாம்பா. அதுல ஒண்ணும் இல்ல.”

பூவரசன் போகவில்லை. அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பிலவேந்திரன் சொன்னது பொய். உண்மையாக இருந்தால் பிள்ளை போயிருப்பானே? பிள்ளை செத்தே இருக்க மாட்டானே?

அதைப் பிலவேந்திரனிடமே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். “சரிடா” என்றான். “இந்தப் பக்கத்துக் குழாய்தான். மெஷின் நின்னுபோச்சி, அந்தப் பக்கம் சொட்டுகூட வரல. எல்லாரும் நின்னுக்கிட்டு இருந்தாங்க. நீ என்கூட ஒரு கிளாஸ் குடிக்கணும்னு எத்தினி வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன். லேசான சரக்குதானேன்னு ஊத்திட்டேன். போன்ல சொல்ல வாய் வரல. என்மேலயே வச்சிக்கடா கலியா. நான் செத்து மேல போயி உன் புள்ள கால்ல விழறேன்.”

கேட்டீர்களா? தன் வாயாலேயே ஒத்துக்கொண்டான். ஆனால் இதில் எனக்கு என்ன லாபம்? இந்தப் பக்கத்துக் குழாய் என்றால் நான் குடித்தேன் என்றல்லவா ஆகிவிடுகிறது? அதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அதனால் சொன்னேன்: “குழாய்ப் பேச்ச விடுடா. எந்தக் குழாயா இருந்தாலும் கலியபெருமாளுக்குத் தெரியாது, தெரியாம குடிச்சான். இந்த ஒரு வார்த்தைய என் புள்ள முன்னால நின்னு சொல்லு. போதும். உன்ன விட்டுடறேன்.”

எவ்வளவு சுலபமான வார்த்தை. செலவில்லாத வார்த்தை. அவன் என்ன செய்தான் தெரியுமா? எழுந்து நின்றான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே சொன்னான்:

“அத மட்டும் என்னால சொல்ல முடியாதுடா. ரெண்டாவது கிளாஸ் கேட்டல்ல? அப்ப உன் மூஞ்சிய நான் பாத்தேன்டா.”

மூஞ்சியைப் பார்த்தானாம். நண்பன் என்கிறவன் மூஞ்சியையா பார்ப்பான்? என் மூஞ்சியில் என்ன எழுதி ஒட்டியிருந்தது? சந்தேகம் தீர்க்கக் கேட்டேன் என்று சொன்னேனே. உங்களிடமும் சொன்னேனே, முன்னாலேயே.

அதற்குப் பிறகு அவன் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான்தான் போகிறேன். நான் தெருமுனையில் திரும்பும்போதே அவன் மகள் கதவைச் சாத்திவிடுகிறாள். நான் வெளியிலிருந்தே கூப்பிடுவேன். உள்ளே இருமல் கேட்கும். அவன் இருமல்தான், எனக்குத் தெரியாதா? பதில் வராது.

இப்போது என்ன ஆகிவிட்டது என்றால், பூவரசன் வாசற்படிக்கு வந்துவிட்டான். போன அமாவாசைக்கு ஒரு கால் படியில், ஒரு கால் கீழே. அதற்கு அடுத்த நாள் இரண்டு காலும் படியில். இனிமேல் இருப்பது வீட்டுக்குள்தான். உள்ளே வந்தால் எதிரே உட்கார்ந்துவிடுவான். எதிரே உட்கார்ந்து கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? அதனால்தான் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுகிறேன். தினமும் இந்தப் பஸ்தான். பயந்து ஓடவில்லை. பெற்ற பிள்ளைக்கு யாராவது பயப்படுவார்களா? பிலவேந்திரனை அழைத்துக்கொண்டு வரத்தான் போகிறேன்.

என்ன கேட்டீர்கள்?

நீங்களுமா? ‘உங்களுக்கு என்ன தோணுது ஐயா’வா? எனக்குத் தோன்றுவதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? ஊற்றியவன் உயிரோடு இருக்கிறான், தலையைத் தள்ளியவள் உயிரோடு இருக்கிறாள், அவர்களையெல்லாம் யாரும் கேட்பதில்லை. பூசாரி என்னைக் கேட்டார், பிள்ளை என்னைக் கேட்டான், இப்போது முன்பின் தெரியாத நீங்கள். படித்த பிள்ளை மாதிரி இருக்கிறீர்களே என்று பேசினேன்.

இல்லை, கோபம் இல்லை. உட்காருங்கள்.

ஆமாம், கண்டமங்கலம்தான். தெரிகிறது. கண்டக்டர் கத்துகிறது எனக்கும் கேட்கிறது. இறங்குகிறவர்கள் இறங்கட்டும். இன்றைக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை, அவர்கள் மாதா கோயிலுக்குப் போயிருப்பார்கள். கதவு சாத்தித்தான் இருக்கும். விழுப்புரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறேன், டிக்கெட்டை நீட்டி வாங்கிக்கொள்ளலாம். தரவேண்டியது அவன். வாங்கவேண்டிய நான் எதற்காக நாயாக அலைய வேண்டும்?

மணி என்ன ஆகிறது உங்கள் போனில்? பன்னிரண்டு தாண்டிவிட்டதா? அப்போது ஊதியிருக்கும். இவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. அவன் உள்ளே வந்திருப்பான். வந்து உட்கார்ந்திருப்பான். வீட்டில் ஆள் இல்லை, பார்த்துக்கொண்டிருப்பான்.

இருக்கட்டும். பிலவேந்திரன் வந்து சொல்லட்டும்.